கையும் அறிவும் கூடிய கல்வி: கலாநிதி ஸாகிர் ஹுஸைன்

இந்தியாவின் மூன்றாவது ஜனாதிபதி யார்? பொது அறிவுப் போட்டிகளில் அடிக்கடி கேட்கப்படும் வினா இது. கலாநிதி ஸாகிர் ஹுஸைன் என்று எமது மாணவிகள் பலர் உடனே விடையெழுதிவிடுவார்கள். அப்பதவியை வகித்த முதலாவது முஸ்லிம் அவர் என்பதையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அவர் ஜனாதிபதியாக இருந்த காலம் இரண்டு வருடங்களைக்கூட எட்டவில்லை. அதற்கு முன்னர் 22 வருடங்கள் அவர் ஒரு கல்வி நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். அங்கே சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. சொந்தக் கட்டடமும் நெடுங்காலம் இருக்கவில்லை. அந்த 22 வருடங்களைப் பற்றியும், அக்காலத்தில் அவர் பிள்ளைகளின் கல்வி குறித்துக் கண்டறிந்தவை பற்றியும் எமது கல்லூரியின் தங்கைகளும் அவர்களுடைய பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து தரம் 6இல் காலடி வைக்கும் பிள்ளை, தரம் 9ஐ முடிக்கும்போது பதினான்கு வயதை நெருங்கிவிடுகிறது. சிறுபிள்ளையும் அல்லாத, பெரியவளும் அல்லாத வயது. கைகள் சும்மா இருக்க மறுக்கும் வயது. எதையும் கழற்றிப் பார்க்க, செய்து பார்க்க, ஏன் என்று கேட்க விரும்பும் வயது. ஸாகிர் ஹுஸைன் தம் வாழ்நாளில் அதிகம் சிந்தித்தது இந்த வயதை உள்ளடக்கிய பள்ளிக் காலத்தைப் பற்றித்தான்.

இளமையும் இழப்பும்

ஸாகிர் ஹுஸைன் 1897 பெப்ரவரி 8ஆம் திகதி ஹைதராபாத்தில் பிறந்தார். தந்தை பிதா ஹுஸைன் கான் ஒரு சட்டத்தரணி. அவர்களது பூர்வீகம் வட இந்தியாவின் கைம்கஞ்ச் என்னும் சிற்றூர். பதான் வம்சத்தைச் சேர்ந்த குடும்பம். ஸாகிருக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1907இல், தந்தை காலமானார். குடும்பம் கைம்கஞ்சுக்குத் திரும்பியது. பிள்ளைகள் இட்டாவா நகரிலிருந்த இஸ்லாமியாப் பாடசாலையின் விடுதியில் தங்கிப் படித்தார்கள். 1911இல் ஊரில் பரவிய கொள்ளை நோய் தாய் நாஸ்னின் பேகத்தையும் கொண்டுசென்றது.

தாயையும் தந்தையையும் இழந்து நின்றபோது அவருக்கு வயது பதினான்கு. எங்கள் பாடசாலையில் தரம் 9இல் இருக்கும் ஒரு பிள்ளையின் வயது. அந்த வயதில் அவரைத் தாங்கியது விடுதியும் ஆசிரியர்களும்தான். பாடசாலை என்பது பாடம் நடக்கும் கட்டடம் மட்டுமல்ல, ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகும் வீடு என்ற எண்ணம் அவரது பிற்காலப் பணிகள் எல்லாவற்றிலும் தெரிகிறது. அதன் வேர் இட்டாவாவில் இருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

அலிகாரிலிருந்து ஜாமிஆவுக்கு

பின்னர் அவர் அலிகாரில் ஸேர் ஸெய்யித் அஹ்மத் கான் நிறுவிய கல்லூரியில் சேர்ந்தார். வைத்தியராக வேண்டும் என்ற முதல் விருப்பம் நோயினால் தடைப்பட, பொருளியலும் ஆங்கில இலக்கியமும் தத்துவமும் பயின்றார். மேற்படிப்புப் படித்துக்கொண்டே அங்கு விரிவுரையும் நிகழ்த்தினார். கைநிறையச் சம்பளம் தரும் அரச உத்தியோகம் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

1920 ஒக்டோபரில் மகாத்மா காந்தியும் அலி சகோதரர்களும் அலிகாருக்கு வந்தார்கள். ஆங்கில அரசின் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களை விட்டு வெளியே வாருங்கள் என்பது அவர்களின் அழைப்பு. வெளியே வந்தால் எங்கே படிப்பது? இந்தக் கேள்விக்கு விடையாக அம்மாதம் 29ஆம் திகதி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா என்ற புதிய கல்வி நிலையம் அலிகாரிலேயே ஆரம்பிக்கப்பட்டது. கட்டடம் இல்லாததால் தொடக்கத்தில் கூடாரங்களிலும் வகுப்புகள் நடந்தன. அதைத் தொடங்கிய இளைஞர் குழுவில் முன்னின்றவர் 23 வயது ஸாகிர் ஹுஸைன்.

பேர்லினில் கற்றது

1922இல் அவர் உயர்கல்விக்காக ஜேர்மனி சென்றார். இந்தியாவின் விவசாயப் பொருளாதாரத்தை ஆராய்ந்து 1926இல் பேர்லின் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பட்டத்தைவிடப் பெரிதாக இரண்டு விடயங்களை அவர் அங்கிருந்து கொண்டுவந்தார்.

ஒன்று, ஒரு கல்விச் சிந்தனை. மியூனிச் நகரப் பாடசாலைகளை நிர்வகித்த கேர்ஷன்ஸ்டைனர் என்ற கல்வியாளர், பிள்ளைகள் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் பாடசாலையை வேலை செய்து கற்கும் பாடசாலையாக மாற்ற முயன்றவர். ஒரு பிள்ளை பலகை ஒன்றை அளந்து அறுத்துப் பெட்டி செய்யும்போது, மூலைகள் பொருந்தாவிட்டால் எந்த ஆசிரியரும் பிழையைச் சுட்டிக்காட்டத் தேவையில்லை, பெட்டியே காட்டிக்கொடுத்துவிடும். தன் வேலையைத் தானே மதிப்பிடப் பழகும் பிள்ளை நேர்மையையும் சேர்த்துப் பழகுகிறது. இந்தக் கருத்து ஸாகிர் ஹுஸைனின் மனதில் ஆழமாகப் பதிந்தது.

மற்றது, அவர் தாமே கைவேலை பழகியது. பேர்லினில் பாரசீக எழுத்துக்களில் நூல்களை அச்சிடும் காவியானி அச்சகம் இருந்தது. உருதுக் கவிஞர் காலிபின் கவிதைத் தொகுதியை அழகிய பதிப்பாக வெளியிட விரும்பிய ஸாகிர் ஹுஸைன், அங்கே எழுத்துக் கோக்கும் வேலையைக் கற்று, தம் கையாலேயே அச்சுக் கோத்தார். கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஒருவர் மை படிந்த விரல்களோடு அச்சகத்தில் நின்றார். கைவேலையைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் பேசியதெல்லாம் நேரில் அறிந்து பேசியவை.

வறுமையில் ஒரு பாடசாலை

அவர் ஜேர்மனியில் இருந்தபோதே ஜாமிஆ மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டது. கிலாபத் இயக்கம் ஓய்ந்ததும் பணம் வருவது நின்றுபோயிற்று. நிலையத்தை மூட வேண்டாம், நாங்கள் வந்து எங்கள் வாழ்நாளை அதற்குக் கொடுக்கிறோம் என்று அவரும் அவருடைய நண்பர்கள் முஹம்மத் முஜீபும் ஆபித் ஹுஸைனும் செய்தி அனுப்பினார்கள். சொன்னபடியே 1926இல் மூவரும் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் ஜாமிஆ டில்லியின் கரோல் பாக் பகுதிக்கு இடம்மாறியிருந்தது. 29 வயதில் ஸாகிர் ஹுஸைன் அதன் உபவேந்தரானார்.

மறுவருட இறுதியில், ஜாமிஆவுக்குத் தூணாக நின்ற ஹகீம் அஜ்மல் கான் காலமானார். அதன்பின் கையில் பணமே இல்லை. அந்த நேரத்தில் ஆசிரியர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்து வாக்குறுதி ஒன்றைச் செய்தார்கள். 20 வருடங்கள் ஜாமிஆவை விட்டுப் போவதில்லை. மாதம் 150 ரூபாவுக்கு மேல் சம்பளம் கேட்பதில்லை. அந்தத் தொகைகூடப் பல மாதங்களில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உபவேந்தரின் வீட்டிலும் மற்ற ஆசிரியர்களின் வீடுகளில் இருந்த அதே நெருக்கடிதான். மனைவி ஷாஜஹான் பேகம் பொறுமையோடு அதைத் தாங்கிக்கொண்டார்.

இத்தகைய வறுமையிலும் ஜாமிஆவின் ஆரம்பப் பாடசாலை இந்தியாவெங்கும் பேசப்பட்டது. அங்கே பிள்ளைகள் தாமே ஒரு சிறு வங்கியை நடத்தினார்கள், கடையொன்றை நடத்தினார்கள், தோட்டம் வைத்தார்கள், கோழி வளர்த்தார்கள். வங்கிக் கணக்கை எழுதும்போது கூட்டலும் கழித்தலும் வட்டியும் வந்தன. கோழிக்கு நோய் வந்தால் உயிரியல் பாடம் தானாகவே வந்தது. கடைக்குப் பொருள் வாங்கக் கடிதம் எழுதும்போது மொழிப்பாடம் வந்தது. கணக்கில் பிழை விட்டால் புள்ளி மட்டும் குறையாது, வங்கியில் பணமே குறையும். ஆகவே பிள்ளைகள் கவனமாக இருந்தார்கள்.

பேர்லினில் அவரோடு நட்புக்கொண்டிருந்த கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணி, ஜாமிஆவைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தேடிவந்து, சிறு பிள்ளைகளின் பாடசாலையிலும் விடுதியிலும் பணியாற்றினார். பிள்ளைகள் அவரை ஆபா ஜான், அதாவது அன்பான அக்கா என்று அழைத்தார்கள். 1943இல் நோயுற்று மரணித்த அவர் ஜாமிஆவின் மையவாடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஒரு முஸ்லிம் கல்வி நிலையத்துக்காக ஒரு யூதப் பெண் தன் வாழ்வைக் கொடுத்த செய்தியை இன்றைய உலகில் நாம் மறந்துவிடக் கூடாது.

1935 மார்ச் 1ஆம் திகதி யமுனை நதிக்கு அண்மையிலுள்ள ஓக்லா என்ற இடத்தில் ஜாமிஆவின் சொந்தக் கட்டடத்துக்கு அத்திவாரக் கல் வைக்கப்பட்டது. தலைவர்களும் செல்வந்தர்களும் பலர் இருந்த நாட்டில், அந்தக் கல்லை வைக்க ஸாகிர் ஹுஸைனும் தோழர்களும் தேர்ந்தெடுத்தது ஜாமிஆவில் வயதில் மிகச் சிறிய மாணவனை. கட்டடம் யாருக்காகக் கட்டப்படுகிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அவரது வாழ்வில் நடந்த இன்னொரு சம்பவத்தை அவருடன் பழகியவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவர் இனிப்புப் பகிர்ந்துகொண்டிருந்த நேரம், வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து அவரது சின்னஞ்சிறு மகள் ரெஹானா மிகவும் சுகவீனமாக இருப்பதாகக் காதில் சொன்னார். சற்று நேரத்தில் மறுபடியும் வந்து மகள் மௌத்தாகிவிட்ட செய்தியைச் சொன்னார். முகம் வெளிறிப்போனாலும் அவர் கையை நிறுத்தாமல் கடைசிப் பிள்ளைக்கும் இனிப்பைக் கொடுத்து முடித்துவிட்டே எழுந்தாராம். அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்த பிள்ளைகளின் சந்தோஷத்தை இடையில் குலைக்க மனம் வரவில்லை என்பதே பின்னர் அவர் சொன்ன காரணம். அந்த மகளின் பெயரையே புனைபெயராகக் கொண்டு அவர் உருதுவில் சிறுவர் கதைகளை எழுதினார். அவற்றில் புகழ்பெற்றது அப்பு கானின் ஆடு பற்றிய கதை. ஒரு பிரெஞ்சுக் கதையைத் தழுவிய அதில், கயிற்றை வெறுத்து மலைக்கு ஓடிய சிறு ஆடு இரவு முழுவதும் ஓநாயோடு போராடி விடியும் வேளையில் இறக்கிறது. ஆனாலும் வென்றது ஆடுதான் என்று ஒரு முதிய பறவை தீர்ப்புச் சொல்கிறது.

வார்தாவில் ஒரு மாறுபட்ட குரல்

1937 ஒக்டோபர் 22, 23ஆம் திகதிகளில் மத்திய இந்தியாவின் வார்தா நகரில் காந்தியின் தலைமையில் ஒரு கல்வி மாநாடு கூடியது. அதைக் கூட்டுவதில் முன்னின்று உழைத்தவர் யாழ்ப்பாணத்தவரான ஆரியநாயகம் என்ற இலங்கைத் தமிழர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. தாகூரின் சாந்திநிகேதனில் பணியாற்றிய பின் வார்தாவில் பாடசாலை நடத்திவந்தவர் அவர்.

ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகவும் கட்டாயமாகவும் தாய்மொழியில் கல்வி கொடுக்க வேண்டும். அக்கல்வி ஒரு கைத்தொழிலை மையமாகக் கொள்ள வேண்டும். பிள்ளைகள் செய்யும் பொருட்களின் வருமானத்திலிருந்து ஆசிரியரின் சம்பளத்தைக் கொடுக்கலாம் என்பது காந்தி முன்வைத்த யோசனை. ஏழை நாட்டில் பணமில்லாமல் கல்வியைப் பரப்ப அவர் கண்ட வழி அது.

கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் காந்தியை மதித்து வந்தவர்கள். ஸாகிர் ஹுஸைனும் அவரை மதித்தவர்தான். ஆனாலும் அவர் எழுந்து தம் ஐயத்தை வெளிப்படையாகச் சொன்னார். வேலையின் மூலம் கற்பிப்பது உலகில் புதிதல்ல என்றும், அது நல்லது என்றும் ஏற்றுக்கொண்டார். ஆனால் பிள்ளைகளின் உழைப்பால்தான் ஆசிரியருக்குச் சம்பளம் என்றாகிவிட்டால், ஆசிரியர் பிள்ளைகளை வேலை வாங்கும் எசமானாக மாறிவிடும் ஆபத்து உண்டு. ஏழைப் பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டுவதாக அது முடியும் என்று எச்சரித்தார்.

மாறுபட்டுப் பேசிய அவரையே பாடத்திட்டக் குழுவுக்குத் தலைவராக நியமித்தார்கள். அதற்கு இடம் கொடுத்த காந்தியின் பெருந்தன்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆரியநாயகமும் அவரது மனைவி ஆஷாதேவியும், வினோபா பாவேயும், தஞ்சாவூரில் பிறந்த தமிழரான குமரப்பாவும் குழுவில் இருந்தார்கள். டிசம்பர் 2ஆம் திகதி, ஆறு வாரங்களுக்குள், அறிக்கை தயாராகிவிட்டது. கல்வி நோக்கத்தைப் பலிகொடுத்து வருமானத்தைப் பெரிதாக்கும் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கை அந்த அறிக்கையிலும் இடம்பெற்றது. மறுவருடம் அமைக்கப்பட்ட ஹிந்துஸ்தானி தாலீமி சங்கத்துக்கு ஸாகிர் ஹுஸைன் தலைவராகவும் ஆரியநாயகம் செயலாளராகவும் ஆனார்கள்.

அவர்கள் வகுத்த பாடசாலை நாள் ஐந்தரை மணித்தியாலம். அதில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு. தாய்மொழிக்கு 40 நிமிடம். சங்கீதம், சித்திரம், கணிதம் மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். சமூகக் கல்விக்கும் பொது விஞ்ஞானத்துக்கும் 30 நிமிடம். உடற்பயிற்சிக்கு 10 நிமிடம். இடைவேளை 10 நிமிடம். கணிதத்துக்கு இவ்வளவு குறைந்த நேரமா என்று பெற்றோர் திகைப்பீர்கள். நூல் நூற்கும்போது எண்ணுவதும், நெசவில் அளப்பதும், பஞ்சின் விலையைக் கணக்கிடுவதும் கணிதம்தான் என்பது குழுவின் விளக்கம். பருத்தி எங்கே விளைகிறது என்ற கேள்வி புவியியலுக்கும், நெசவாளர்கள் எப்படி வறுமைப்பட்டார்கள் என்ற கேள்வி வரலாற்றுக்கும் வாசலாக அமையும் என்று அவர்கள் எண்ணினார்கள்.

எல்லா வேலையும் கல்வியாகிவிடாது என்பதை ஸாகிர் ஹுஸைன் வலியுறுத்திவந்தார். கல்வி தரும் வேலைக்கு நான்கு படிகள் உண்டு என்பது அவர் கருத்து. என்ன செய்யப்போகிறோம் என்ற நோக்கம் பிள்ளைக்குத் தெளிவாக இருக்க வேண்டும். எப்படிச் செய்வது என்று பிள்ளையே திட்டமிட வேண்டும். பிறகு செய்து முடிக்க வேண்டும். கடைசியாக, செய்ததைத் திட்டத்தோடு ஒப்பிட்டுத் தானே மதிப்பிட வேண்டும். இவற்றில் மூன்றாவது படியை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்து மற்றவற்றை ஆசிரியர் வைத்துக்கொண்டால் அங்கே நடப்பது கூலிவேலை மட்டுமே.

ஒரு பெண்பிள்ளையாக இந்த அறிக்கையை நோக்கும்போது ஓர் இடம் எனக்கு நெருடலாக இருக்கிறது. 6ஆம், 7ஆம் வகுப்புகளில் மாணவிகள் கைத்தொழிலுக்குப் பதிலாக மனையியலை உயர் பாடமாக எடுக்கலாம் என்று ஓர் ஏற்பாடு அதில் உண்டு. 1937ஆம் ஆண்டில், பெண்பிள்ளை பாடசாலைக்கு வருவதே அரிதாக இருந்த காலத்தில், அது தாராளமான ஏற்பாடாகவே கருதப்பட்டிருக்கும். ஆனால் தச்சுப் பட்டறையின் வாசல் பெண்பிள்ளைக்கு எந்த வயதில் சாத்தப்படலாம் என்ற கேள்விக்கு, ஸாகிர் ஹுஸைனின் நான்கு படிகளில் எதுவும் ஆண், பெண் என்று பிரித்துப் பதில் சொல்லவில்லை. அவரது அளவுகோலைக் கொண்டே அந்த ஏற்பாட்டை நாம் அளக்கலாம்.

சோதனைகள்

வார்தாத் திட்டத்துக்கு எதிர்ப்பு பல பக்கங்களிலிருந்தும் வந்தது. அதில் சமயக் கல்விக்கு இடமில்லை என்று முஸ்லிம் லீக் கடுமையாகக் கண்டித்தது. தம் சமூகத்தவரின் கண்டனத்தைத் தாங்கிக்கொண்டு அவர் பணியைத் தொடர்ந்தார். 1946 நவம்பரில் ஜாமிஆவின் வெள்ளி விழாவில் நேருவையும் ஜின்னாவையும் ஒரே மேடையில் அமரச் செய்து, நாட்டில் பற்றியெரியும் வெறுப்பை அணைக்குமாறு எல்லாத் தலைவர்களிடமும் மன்றாடினார். அடுத்த வருடம் பிரிவினைக் கலவரத்தில் ஜலந்தர் புகையிரத நிலையத்தில் அவரே வன்முறைக் கும்பலிடம் சிக்கினார். ஒரு சீக்கிய இராணுவ அதிகாரியும் ஓர் இந்துப் புகையிரத ஊழியரும் அவரது உயிரைக் காத்தார்கள். கரோல் பாக்கிலிருந்த ஜாமிஆவின் புத்தக நிலையம் எரிக்கப்பட்டது.

1948இல் அலிகார் பல்கலைக்கழகத்தின் உபவேந்தரானார். பின்னர் பீகார் மாநில ஆளுநர், உப ஜனாதிபதி, 1967 மே 13 முதல் ஜனாதிபதி. 1963இல் பாரத ரத்னா விருது கிடைத்தது. ரோஜாச் செடிகள் வளர்ப்பதிலும் அபூர்வக் கற்களைச் சேகரிப்பதிலும் அவருக்கு அளவற்ற ஆர்வம். சண்டிகாரிலுள்ள பெரிய ரோஜாத் தோட்டம் அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

பதவிகள் உயர்ந்தபோதும், தாம் தொடங்கிவைத்த கல்வித் திட்டம் சீர்கெட்டு வருவதை அவர் மறைக்கவில்லை. 1958இல் நிகழ்த்திய விரிவுரைகளில், ஆதாரக் கல்வி என்ற பெயரில் நாட்டில் நடப்பது ஏமாற்று என்ற அளவுக்குக் கடுமையாகச் சொன்னார். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதாமல் நூல் நூற்றல் இயந்திரத்தனமான வேலையாகிவிட்டது. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைகளுக்கு அனுப்பிவிட்டு, கைத்தொழில் கல்வியை ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தம் பெயரோடு ஒட்டியிருந்த திட்டத்தையே குறைகூற முன்வந்த அவரது நேர்மை, மூலை பொருந்தாத பெட்டியைத் தானே ஏற்றுக்கொள்ளும் பிள்ளையின் நேர்மையை ஒத்தது.

1969 மே 3ஆம் திகதி, பதவியில் இருக்கும்போதே அவர் வபாத்தானார். ஜனாஸா ஜாமிஆ வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. அதே வருடத்தில்தான் எமது நாட்டின் இலவசக் கல்வியின் தந்தை சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவும் காலமானார்.

எமது மண்ணில்

கன்னங்கராவின் காலத்திலேயே, 1930களில், கண்டிக்கு அருகில் ஹந்தெஸ்ஸவில் விவசாயத்தையும் கைத்தொழிலையும் பாடங்களோடு இணைக்கும் கிராமியக் கல்வி முயற்சி நடந்தது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் அந்தந்தப் பிரதேசத் தொழில்களைக் கற்பிக்கும் பாடங்கள் இடைநிலை வகுப்புகளில் சேர்க்கப்பட்டன. சில வருடங்களில் அவை கைவிடப்பட்டன. மீன்பிடியும் மட்பாண்டமும் படிக்கவா பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புகிறோம் என்ற பெற்றோரின் கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அந்தக் கேள்வியை நான் குறைவாக மதிப்பிடவில்லை. எமது துறைமுக மாவட்டத்தில் மூதூரிலும் கிண்ணியாவிலும் கரைவலை இழுத்துத் தோள் தேய்ந்த வாப்பா ஒருவர், தன் பிள்ளைக்கு அந்தக் கயிறு வேண்டாம் என்று நினைப்பது நியாயமே. வறுமையால் படிப்பை இடையில் விட்டுக் கடலுக்குப் போகும் சிறுவர்களையும் நாம் காண்கிறோம். பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டம் சொன்னாலும் நிலைமை எல்லா வீட்டிலும் ஒன்றல்ல. இதனால்தான் வார்தாவில் ஸாகிர் ஹுஸைன் எழுப்பிய எச்சரிக்கை எமக்கு மிகவும் தேவையானது. பிள்ளையின் கையை உழைப்புக்காகப் பயன்படுத்துவது வேறு. பிள்ளையின் கை வழியாக அறிவைத் திறப்பது வேறு.

ஓர் உதாரணம். எமது மாவட்டத்தின் எருமைத் தயிர் பெயர்பெற்றது. தரம் 8 மாணவிகள் சிலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் தயிர் ஏன் சரியாக உறைவதில்லை என்பது அவர்களின் கேள்வி; அதுவே நோக்கம். ஒரே பாலை இரண்டு சட்டிகளில் ஊற்றி, ஒன்றை அடுப்படியின் சூட்டிலும் மற்றதை வெளியிலும் வைத்து, வெப்பமானியால் அளப்பது அவர்களின் திட்டம். இரவு உறை ஊற்றிக் காலையில் பார்ப்பது செயல். எதிர்பார்த்தது நடந்ததா, நடக்காவிட்டால் எங்கே பிழைத்தது என்று எழுதுவது மதிப்பீடு. இதற்குள் பற்றீரியா இருக்கிறது, வெப்பநிலை இருக்கிறது, மண்சட்டி ஏன் நீரை உறிஞ்சுகிறது என்ற கேள்வி இருக்கிறது, சட்டி ஒன்றின் இலாப நட்டக் கணக்கும் இருக்கிறது. செலவோ மிகச் சிறிது. கந்தளாய்க் குளத்து வாய்க்காலில் ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு நீரின் வேகத்தைக் கணிப்பதும், வலைக்கண்ணின் அளவு சிறுத்தால் குஞ்சு மீன்களுக்கு என்னாகும் என்று துறைமுகத்து மீனவர்களிடம் கேட்டு எழுதுவதும் இப்படியானவையே.

செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்ற பாடம் இப்போதும் தரம் 6 முதல் 9 வரை எமக்கு உண்டு. ஆனால் பாடசாலைக் கண்காட்சிகளுக்கு வரும் அழகான ஆக்கங்களில் எத்தனை, உம்மாவும் மூத்த சகோதரியும் இரவிரவாகச் செய்து கொடுத்தவை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அவற்றுக்குப் பரிசு கிடைக்கும். அந்தப் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்து உண்டார்கள் என்று சிறுவயதில் ஓதிக் கற்ற நாம், பிள்ளையின் கையிலிருந்து வேலையைப் பறித்துக்கொள்வது பொருத்தமாகத் தெரியவில்லை.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்கு உங்கள் மகள் கோணலான ஒரு பெட்டியைக் கொண்டுபோகட்டும். அது ஏன் கோணலாயிற்று என்று மேசைக்கு முன்னால் வருபவர்களுக்கு அவளால் விளக்க முடிந்தால், அதற்கு முதலிடம் கொடுக்கும்படி ஆசிரியைகளிடம் நாமே கேட்போம். தங்கைகளே, நீங்களும் உங்கள் தரத்துக்குள் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து இந்தத் தவணையிலேயே தொடங்குங்கள். தயிர்ச்சட்டிக்கு உயர்தர வகுப்பு அக்காமாரின் ஆய்வுகூட வெப்பமானியைப் பெற்றுத்தர நான் பொறுப்பு.